கழுவாத சாக்கு

1

இன்று காலை தபால்காரர் வாசலில் ஒரு பொதியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். ஸ்கொட்லாந்துக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன மீன்பிடிப் பட்டினத்துக்கு நான் வந்து இன்றோடு எட்டு வருடம். வருடா வருடம் இந்த நாளில் மனைவி சரசு ஊர்ச் சாப்பாடு சமைப்பாள். நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊரை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவேன். அவள், "மூச்சு விட்டது காணும், எழும்பிக் கோப்பையைக் கழுவுங்கோ" என்பாள். இதுதான் எங்கள் வருடாந்தக் கொண்டாட்டம்.

இந்த வருடம் பெருமூச்சுக்கு நேரமில்லை. பொதி குசினி மேசையில் கிடக்கிறது. அனுப்பியிருப்பவர் முல்லைத்தீவில் இருக்கும் என் அக்கா. இரண்டு மாதத்துக்கு மேலாக என்னோடு பேச்சுப்பறைச்சல் இல்லாத அக்கா. உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. திறந்து பார்த்தால் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பிறகு எழுதுவது நேர்மையாக இராது. ஆகவே முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். பொதி அதுவரை காத்திருக்கட்டும்.

2

போன வருடம் இதே நாள். அக்கா கப்பலில் அனுப்பியிருந்த கருவாட்டுத் தகரத்தைச் சரசு திறந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட அக்காவின்ர கருவாடு பழுதாப் போச்சு. ரத்தம் பூசினமாதிரிக் கிடக்கு. எறியப் போறன்."

"ஐயோ, எறியாதையும். கொஞ்சம் நில்லும்."

எங்கள் மகள் வாணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தன் சிநேகிதி இந்த நேரம் வீட்டுக்கு வந்தால் தான் செத்தே போவேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, குளிரையும் பாராமல் ஜன்னல்களைத் திறந்தாள். நான் சிவந்த துண்டு ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு அன்று ஒருவரும் வரவில்லை.

என் வேலை என்னவென்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். "பெரிய டொக்டராம்" என்று ஒரு கதை உலாவுவதாகவும் கேள்விப்பட்டேன். அது பொய். கடல் ஆய்வு நிலையமொன்றில் நான் உதவியாளன். பக்டீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குச் சாப்பாடு காய்ச்சி வைப்பதும், அவை சாப்பிட்ட கண்ணாடிகளைக் கழுவுவதும் என் பொறுப்பு. கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இதே வேலைதான் செய்தேன். சிங்களம் படித்தால்தான் பதவி உயர்வு என்று வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறி, பத்திரிகையில் கண்ட விளம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு நாள் கோபத்துக்கு எட்டு வருடமாக நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எங்கள் தலைவி மிஸ் கிரே. கலியாணம் கட்டாதவர், சிரிப்பை அளந்து செலவழிப்பவர். இந்தப் பட்டினத்து வியாபாரிகளின் உப்பிட்ட மீனும் இடைக்கிடை சிவந்துபோகும். அந்தச் சிவப்பு எந்த இனம், எங்கிருந்து வருகிறது என்று பல வருடமாக ஆராய்கிறவர் அவர். நான் மேசையில் வைத்த கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "அருமை!" என்றார். எங்கள் வீட்டுக் கருவாட்டை இந்த நாட்டில் புகழ்ந்த ஒரே ஆள்.

3

இந்தச் சிவப்பு உயிர்களுக்குச் சமைப்பது தனிக் கலை. கடலில் இருப்பதைவிட ஏழு மடங்கு உப்புப் போட்டு, பாசிக்கூழில் கட்டியாக்கி, கண்ணாடித் தட்டில் ஊற்றவேண்டும். மற்றக் கிருமிகள் அதில் விழுந்தால் அவையே கருவாடாகிவிடும். இவை அதில்தான் வாழும், அதுவும் ஆறுதலாக. மூன்றாம் கிழமைதான் கடுகளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

ஒரு புள்ளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, குழாய்த் தண்ணீரில் அலசி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி செய்தேன். ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். நுணுக்குக்காட்டியைத் தமிழில் ஏசினேன். பின்னால் மிஸ் கிரே நின்றார்.

"தண்ணீரில் கழுவினீர்களா?"

"கழுவினேன். சுத்தமாகக் கழுவினேன்."

"அப்படியென்றால் சுத்தமாகக் கொன்றுவிட்டீர்கள். நல்ல தண்ணீர் பட்டால் இவை வெடித்துப்போகும்."

முதலில் வினாகிரி அமிலத்தில் பிடித்து வைத்துவிட்டுத்தான் தண்ணீர் காட்டவேண்டுமாம். அப்படிச் செய்தபோது குட்டிக் குட்டிக் கோல்களாக அத்தனையும் வந்து நின்றன. வீட்டுக்கு வந்து சரசுவிடம் ஆச்சரியத்தோடு சொன்னேன்.

"உப்பில பிறந்தது நல்ல தண்ணியில வெடிக்குதெண்டால், எங்களைப் போலயெண்டு ஊருக்கு எழுதப்போறியளாக்கும்?" என்றாள். "அப்பிடி ஒண்டும் எழுதாதேங்கோ. நான் கனகராயன்குளத்தாள். குளத்துத் தண்ணியில வளந்தனான். எனக்கு இஞ்சை ஒரு வெடிப்பும் இல்லை."

ஆகவே நான் அப்படி எழுதவில்லை.

ஆனால் வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீடு நந்திக்கடல் என்ற உப்பு ஏரி ஓரம். ஆவணி வெயிலில் கரைப்பக்கத்துத் தண்ணீர் வற்றி உப்பாகும்போது, நன்னாரிச் சர்பத் ஊற்றினாற்போலச் சிவந்து கிடக்கும். நாங்கள் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு நடந்தோமே தவிர, ஏன் சிவக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது அக்கா ஒருத்திதான். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. பள்ளிக்கூடத்து வாத்தியார், "அது சூரியன்ர நிறம், போய் இரு" என்றாராம். அக்கா போய் இருக்கவில்லை. ஒரு போத்தலில் சிவந்த தண்ணீரை அள்ளிவந்து, சூரியன் படாத இடத்தில் நிறம் போகிறதா பார்ப்போமென்று அலுமாரிக்குள் ஒளித்துவைத்தார். எட்டு நாள் கழித்து எடுத்தபோதும் சிவப்புத்தான். "பாத்தியே, சூரியன் இல்லை!" என்று என் தலையில் குட்டினார். பிறகு அதைக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் ஊற்றினார். சிவப்பு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. குடிக்கிற தண்ணீரைப் பழுதாக்கியதற்கு அம்மா பூவரசங் கம்பால் இரண்டு போட்டார்.

தண்ணீர் கலந்தால் எந்த நிறமும் மங்கும்தான். அந்த வாளிக்குள் உண்மையில் என்ன நடந்ததென்று இன்று என்னால் சொல்லமுடியாது. ஆனால் அடுத்த வருடமே, பெரியபிள்ளை ஆகிவிட்டாரென்று அக்காவைப் பள்ளிக்கூடத்தால் மறித்தார்கள். அவர் கேட்ட கேள்விக்கு இன்று நான் சம்பளம் வாங்குகிறேன்.

4

ஒரு பக்டீரியா எந்த இனமென்று கண்டுபிடிக்க, அதனிடம் நூறு கேள்வி கேட்கவேண்டும். எவ்வளவு உப்பு வேண்டும்? எவ்வளவு சூடு? எதைத் தின்பாய், எதைத் தொடமாட்டாய்? கலியாணம் பேச வந்தவர்கள் விசாரிப்பதுபோலத்தான். விடைகளையெல்லாம் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும்.

எங்களிடம் இருந்த புத்தகங்களின்படி இந்தச் சிவப்பு இனங்கள் சீனியைத் தொடமாட்டா. நான் கடமைக்காகச் சீனிக்குழாயிலும் ஒரு துளி விட்டேன். தின்றால் புளிக்கும், புளித்தால் ஊதாச் சாயம் மஞ்சளாகும், அவ்வளவுதான் பரிசோதனை. பத்தாம் நாள் குழாய் மஞ்சளாக நின்றது.

வேறு ஏதோ கிருமி கூட ஒளிந்திருக்கிறது என்றார் மிஸ் கிரே. மறுபடி பிரித்தேன். ஏழு தரம் பிரித்து, ஏழு தரமும் தனிப் புள்ளியில் எடுத்து வளர்த்தேன். ஏழு தரமும் மஞ்சள். அன்று அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இது எனக்குத் தெரியாத ஒன்று" என்றார். முப்பது வருடம் இதே வேலை பார்த்தவர். அந்த வசனத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் அந்தச் சந்தோசத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு துண்டுக் கருவாட்டில் ஒரு தரம் கண்டதை வைத்துப் புது இனம் என்று சொல்லமுடியாது. அது வாழும் இடத்திலிருந்தே இன்னொரு தரம் எடுத்துக் காட்டவேண்டும். அதற்கும் தவணை இருந்தது. மார்கழி முடிவில் மிஸ் கிரேக்கு ஓய்வு. அடுத்து வருபவருக்குக் கடற்பாசியில்தான் பிரியம். தட்டுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் எங்கள் சூட்டறை பாசிக்காரருக்குப் போகும், என் சிவப்புக் குழாய்கள் தொட்டிக்குள் போகும்.

அக்காவுக்கு எழுதினேன். "நந்திக்கடல் ஓரத்தில் படியும் உப்பில் ஒரு இறாத்தல் அள்ளி அனுப்பு. வெள்ளைக்காரர் பார்க்கவேண்டுமாம்."

அந்த இரண்டாவது வசனம்தான் நான் செய்த பிழை.

அதே உறையில் வாணியும் மாமிக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். அக்காவின் கடிதங்களின் உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழியை அவள் நத்தைப் படமென்று நினைத்திருந்தாள். ஆகவே தன் கடிதத்திலும் ஒரு நத்தை போட்டு, மறக்காமல் இரண்டு கொம்பும் வைத்தாள். அக்காவிடமிருந்து பதில் வந்தது: "வெயில் பிடிக்கட்டும், ஆடியில அள்ளி அனுப்புறன். பிள்ளை சுழி போட்டுத் தொடங்கியிருக்கிறா, நல்லாயிருக்கவேணும். கொம்பு ஏனெண்டுதான் விளங்கேல்லை."

5

பொதி ஐப்பசியில் வந்தது. நேரே வரவில்லை, சுங்கக் கந்தோருக்கு வந்தது. கூப்பிட்டு அனுப்பினார்கள். உணவா, மருந்தா, அன்பளிப்பா என்று பெட்டி பெட்டியாக ஒரு படிவம். உயிர் என்று ஒரு பெட்டி இல்லை. அன்பளிப்பு என்று கோடு போட்டேன்.

"உப்பா?" என்றார் அதிகாரி. "இந்த நாட்டில் உப்பு இல்லையென்றா கடல் கடந்து வருகிறது?"

"இது வேறு உப்பு ஐயா. சிவப்பாக, சேறாக இருக்கும்."

தகரத்தைத் திறந்தார். உள்ளே இருந்தது பனியைவிட வெள்ளை. அவர் என்னைப் பார்த்தார். நான் உப்பைப் பார்த்தேன். உப்புத்தான் என்று நிரூபிக்க, அவருக்கு முன்னால் ஒரு விரல் நக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் அக்காவின் கடிதத்தைப் பிரித்தேன். "தம்பி, கரையில கிடந்தது ஒரே சேறும் சிவப்பும். அதை எப்பிடி வெள்ளைக்காரருக்குக் காட்டுறது? நாலு தரம் கரைச்சு, வேட்டித் துணியில வடிச்சு, தாச்சியில காய்ச்சி எடுத்தனான். அத்தான் துணுக்காய் வயலால வந்து பாத்திட்டு, கடை உப்பும் இப்பிடி இராது எண்டு சொன்னவர்."

காய்ச்சி எடுத்தனான்! நல்ல தண்ணீரில் வெடிக்கிற உயிரை நாலு தரம் கரைத்து, மிச்சத்தைத் தாச்சியிலும் காய்ச்சியாயிற்று. அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தேன், மறுபக்கம் திருப்பவும் இல்லை. எனக்கு யார்மேல் கோபமென்று அப்போது தெரியவில்லை. அக்கா வேறென்ன செய்வார்? கோயிலுக்கு அரிசி கொடுப்பதென்றாலும் புடைத்து, கல் பொறுக்கிக் கொடுக்கிற ஊர் அது. பிறத்தியார் கண்ணில் படப்போகிற பொருளைக் கழுவாமல் அனுப்புவது எங்களுக்குத் தெரியாத வேலை.

இருந்தாலும் மனம் கேட்காமல் அந்த உப்பில் கொஞ்சத்தைத் தட்டுகளில் போட்டேன், மிச்சத்தைத் தகரத்தோடு சரசு குசினிக்கு எடுத்துக்கொண்டாள். மூன்று கிழமை. ஐந்து கிழமை. தட்டுகள் வெறுமையாக மினுங்கின. மிஸ் கிரே ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "உங்கள் சகோதரி மிகச் சிறந்த உப்பு செய்கிறார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

6

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம், பஸ் துண்டைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்டபோது அந்தக் கடிதம் வந்தது. மறுபக்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

"தகரம் குலுங்காமல் இருக்க, உப்பு அள்ளின சாக்கில ஒரு துண்டு வெட்டி அடியில வைச்சனான். ஊத்தைச் சாக்கு. அதை ஒருத்தருக்கும் காட்டாமல் எறிஞ்சுபோடு."

சாப்பாட்டு இடைவேளையில் பஸ் பிடித்து வந்து, இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஓடினேன். எட்டு வருடத்தில் இந்தத் தெருவில் நான் ஓடியது அன்றுதான்.

"சரசு! அந்தத் தகரத்துக்குள்ள இருந்த சாக்குத் துண்டு எங்கை?"

"ஏனப்பா, என்ன நடந்தது?"

"எறிஞ்சு போட்டீரோ?"

"சாக்கை ஆரும் எறிவினமோ? விசரே உங்களுக்கு? கரி வாளிக்குக் கீழ போட்டிருக்கிறன்."

ஊரில் சாக்கை எறிந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. நெல்லுக் கட்டி, கிழிந்தால் தைத்து, தைக்க முடியாவிட்டால் மிளகாய் காயப்போட்டு, அதுவும் முடியாவிட்டால் மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவோம். கடல் கடந்து வந்தும் சரசுவுக்கு அந்தக் கை மாறவில்லை. அவளை அப்படியே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. கையில் சூட்டோடு அகப்பை இருந்தபடியால் தள்ளி நின்றே சந்தோசப்பட்டேன்.

அடுப்பங்கரை ஓரம். நல்ல காலம், தண்ணீர் படாத இடம். சாக்கு மேலே கரிப்பிடித்துக் கறுத்திருந்தது. தையல் மடிப்பைப் பிரித்தேன். உள்ளே சேறும் உப்புமாக, மங்கிய சிவப்பில் ஒரு கோடு.

மிஸ் கிரே குறட்டால் எடுத்துத் தானே தட்டில் வைத்தார். அவருக்கு மிச்சம் இருந்தது ஐந்து கிழமை. நான் தினமும் மூன்று தரம் சூட்டறைக் கதவைத் திறந்தேன். அடிக்கடி திறந்தால் சூடு போகுமென்று ஏச்சும் வாங்கினேன். பதினேழாம் நாள் காலை கடுகளவில் ஐந்து சிவப்புப் புள்ளிகள். சீனிக்குழாயில் விட்டோம். ஊதா மெல்ல மெல்ல மஞ்சளாகியது. மிஸ் கிரே பிஸ்கட் தகரத்தைத் திறந்து எனக்கு இரண்டு பிஸ்கட் தந்தார். அதுவரை எப்போதும் ஒன்றுதான்.

அவர் ஓய்வுபெறுவதற்கு இரண்டு நாளுக்கு முன் கட்டுரை எழுதி முடிந்தது. இனி அதைப் படித்து ஒத்துக்கொள்ளவேண்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரின் பெயருக்கு இலத்தீன் வால் வைத்து ஒரு பெயரும் கொடுத்தோம். எங்கே எடுத்தது என்ற இடத்தில் இப்படி ஒரு வரி: நந்திக்கடல் கரையில் உப்பு அள்ளிய, கழுவாத சாக்கு. பக்கத்தில், சேகரித்தவர் என்று அக்காவின் பெயர். நான் துள்ளிக்கொண்டு அக்காவுக்கு எழுதினேன்.

நீல வான்கடிதத்தில் பதில் வந்தது. "நான் கை வெந்து காய்ச்சின உப்பை விட்டிட்டு, ஊத்தைச் சாக்கையே எடுத்துக் காட்டினனி? அதுவும் என்ர பேரோட புத்தகத்தில போடுறியளோ? என்ர மானம் கப்பலேறிப் போச்சு. சாக்கெண்டு எழுதாதை. உப்பெண்டு எழுது."

ஓய்வில் வீட்டில் இருந்த மிஸ் கிரேயிடம் போய்க் கேட்டேன். "உப்பில் முளைக்கவில்லையே" என்றார். "வேண்டுமானால் உங்கள் சகோதரியின் பெயரை எடுக்கலாம். சாக்கை எடுக்கமுடியாது."

பெயரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அலுமாரிக்குள் போத்தல் வைத்த பிள்ளையின் பெயர் அது. அதை எடுத்தால் நான் திருடன். அக்காவுக்கு எழுதினேன்: "நீ அன்றைக்குக் கேட்டாயே, ஏன் சிவக்கிறதென்று. சூரியன் இல்லை, நீ சொன்னது சரி. அது உயிர். சீனி தின்னும் உயிர். எங்களுக்குத் தெரிந்தவரையில் இதுவரை ஒருவரும் எழுதிவைக்காத உயிர். உன் உப்பு நல்ல உப்பு, அதனால்தான் அதில் அது செத்துப்போயிற்று. உன் பெயரை எடு என்றால் எடுக்கிறேன். சாக்கை மாற்றமாட்டேன்."

அதற்குப் பதில் இல்லை. ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம். வாணி கொம்பு நத்தை போட்டு எழுதியதற்கும் பதில் இல்லை. ஒரு பக்டீரியாவுக்காக அக்காவைத் தொலைத்துவிட்டேனோ என்று பயந்தபடியே சூட்டறையைப் பாசிக்காரருக்குக் காலிசெய்து கொடுத்தேன். குழாய்களை மட்டும் ஒரு மூலையில் வைத்திருக்க விட்டார்கள்.

7

இதோ, இப்போது திறந்தாயிற்று.

சரசு கத்தரிக்கோலால் தையலை வெட்டினாள். வாணி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள், ஆனால் போகவில்லை. உள்ளே மடித்தபடி ஒரு முழு நெல்லுச் சாக்கு. ஒரு மூலை வெட்டியிருந்தது. மடிப்புக்கு மடிப்பு சேறும் சிவப்பும் பொருக்காகப் பிடித்து, மேசை முழுக்கக் கொட்டியது. சாக்கின் நடுவில் கடுதாசியில் இறுக்கிச் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று. அதற்கு மேல் கடிதம்.

உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்கு இரண்டு கொம்பு. "ஸ்நெயில்!" என்று வாணி கத்தினாள்.

சரசு வாசித்தாள். எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

"தம்பி, முழுச் சாக்கையும் அனுப்புறன். கழுவேல்லை. தட்டக்கூட இல்லை. என்ர பேர் இருக்கட்டும். ஆனால் நான் எப்பவும் கழுவித்தான் வைக்கிறனான் எண்டு அந்த அம்மாவிட்டை மறக்காமல் சொல்லு. அதுகள் கப்பலில இரண்டு மாசம் கிடக்கவேணும். சீனி தின்னுமெண்டு நீதானே எழுதினனி. வழியில பசிக்குமெல்லோ, ஒரு பிடி வைச்சிருக்கிறன்."